ஒரு வருடத்துக்கு மட்டும்

தம்பி,

போன வியாழக்கிழமை நீ ஃப்ரிபூர்க்கில் இருந்து அழைத்தபோது நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "அம்மா, சங்கத்தாலை என்னைக் கேக்கினம். உங்களுக்குப் பிறகு நான் தலைவராய் வரட்டாம். ஓமெண்டு சொல்லவோ?" என்றாய். "யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன். இதில் ஒரு தாய் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பாய். மூன்று வருடமாக நீ என்னோடு மனம்விட்டுக் கதைக்கவில்லை. தீபாவளிக்கு வருவாய், சாப்பிடுவாய், சாப்பாடு நல்லது என்பாய், ரயிலைப் பிடிப்பாய். இத்தனை காலத்துக்குப் பிறகு முதன்முதலாக என்னிடம் ஒன்று கேட்டாய், அதற்கும் நான் பதிலைப் பிற்போட்டேன். பிற்போடுவதில் எனக்கு நல்ல கைப்பழக்கம் உண்டு. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

இந்தக் கடிதம் உனக்கு மட்டும் வரவில்லை. பொதுக்கூட்ட அழைப்போடு சேர்த்து, துன் நகரத்தில் உள்ள எங்கள் தமிழ்ச் சங்கத்து உறுப்பினர் எல்லார் வீட்டுக்கும் போகிறது. உனக்கு நான் செய்த பிழையை மண்டபத்தில் எல்லார் முன்னிலையிலும் செய்தேன். மன்னிப்பை மட்டும் குசினிக்குள் வைத்துக் கேட்டால் அது நியாயமாகாது. உன் அப்பாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். "இவ்வளவு நீளமாய் எழுதினால் சனம் வாசியாது, நீ பயப்பிடாதை" என்றார். முப்பது வருடம் ஹோட்டல் குசினியில் நின்ற மனிதர். எது விலைப்படும், எது திரும்பி வரும் என்று அவருக்குத் தெரியும். இருந்தும் எழுதுகிறேன்.

மாஸ்டரை நீ சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறாய், ஆனால் தூரத்தில் நின்று, பயத்தோடு பார்த்தாய். நாங்கள் பார்த்த மாஸ்டர் வேறு. ஊரில் கணக்குப் படிப்பித்தவர். இங்கே தொழிற்சாலை வேலை முடிந்து வந்து, அகதிகளாக வந்திறங்கிய எங்கள் எல்லாருக்கும் படிவம் நிரப்பித் தந்தார். நீ பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் மறைப்புத் திரைக்கு அந்தப் பக்கம் கதிரை போட்டு இருந்துகொண்டு என் வலியை ஜெர்மன் மொழியில் தாதிமாருக்குச் சொன்னவரும் அவர்தான். ஒருவருக்கு இவ்வளவு கடமைப்பட்ட பிறகு அவரைக் கேள்வி கேட்க நாக்கு எழும்பாது. அவர் சங்கத்தைத் தொடங்கினார், மண்டபம் எடுத்தார், பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு வைத்தார், பத்தொன்பது வருடம் தலைவராக இருந்தார். அந்தப் பத்தொன்பது வருடமும் நான் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் செயலாளராக இருந்தேன்.

அவர் ஒருவரையும் அடித்ததில்லை, ஏசியதும் குறைவு. அவருடைய ஆட்சி முழுவதும் ஒரு தாளுக்குள் அடங்கியது. அது ஆண்டு விழாவின் நிகழ்ச்சி நிரல். பிள்ளைகளின் ஆட்டமும் பாட்டும் எந்த வரிசையில் மேடை ஏறும் என்பதை அவர் ஒருவரே தீர்மானிப்பார். முதல் ஐந்துக்குள் வந்தால் மண்டபம் நிறைந்திருக்கும். சாப்பாடு திறந்த பிறகு வருகிற பிள்ளை கதிரைகளுக்குத்தான் ஆடவேண்டும். கூட்டத்தில் வாய் திறந்த தகப்பனின் பிள்ளை கடைசிக்குப் போகும். யாரும் இதைச் சொல்லிக் கேட்டதில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். வெள்ளைக்காரருக்கு இதை விளங்கப்படுத்தவே முடியாது. எங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையே இல்லை. எங்களை அவமானப்படுத்தினால் தாங்குகிற மனிதர்கள்தான் நாங்கள். பிள்ளை மூன்று மாதம் பழகிய நடனத்தை யாரும் பார்க்காமல் போவதை எங்களால் தாங்க ஏலாது.

உனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது பொதுக்கூட்டத்தில் அப்பா எழும்பி, "மாஸ்டர், போன கூட்டத்து அறிக்கையை இன்னும் வாசிக்கேல்லையே?" என்று கேட்டார். கேள்வி அவ்வளவுதான். மாஸ்டர் சிரித்தபடி, "இருங்கோ, பிறகு கதைப்பம்" என்றார். அந்த வருடம் உன் மிருதங்கம் கடைசி நிகழ்ச்சியாக வந்தது. நீ வாசித்துக்கொண்டிருந்தபோது மண்டபப் பொறுப்பாளர் பின்வரிசைக் கதிரைகளை அடுக்கத் தொடங்கிவிட்டார். நீ தாளம் பிசகவில்லை, முடித்துவிட்டுக் கும்பிட்டாய். காரில் வரும்போது, "அம்மா, என்னை ஏன் கடைசியாய் விட்டவை?" என்று கேட்டாய். "ஆரோ ஒருத்தர் கடைசியாய் வரத்தானே வேணும்" என்றேன். அந்தத் தாளைத் தட்டச்சு செய்தது நான். உன் பெயரைக் கடைசி வரியில் அடித்தபோது எனக்குக் காரணம் நன்றாகவே தெரியும். இதை உனக்கு இதுவரை சொன்னதில்லை.

வாக்கெடுப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். மாஸ்டர் தீர்மானத்தை வாசிப்பார், முன்வரிசையில் ஒருவர் கைதட்டுவார், பிறகு எல்லாரும் தட்டுவோம். அதுதான் எங்கள் வாக்கெடுப்பு. மூத்தவர் ஒருவருக்கு எதிராகக் கை உயர்த்துவது அவருடைய முகத்தில் அடிப்பதற்குச் சமம் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் மண்டபத்துக்காக நகரசபைக்கு ஜெர்மன் மொழியில் அறிக்கை கொடுக்கவேண்டும், வாக்கு எப்படி விழுந்தது என்று அதில் எழுதவேண்டும். கைதட்டலை எப்படி எழுதுவது? நான் "ஒருமனதாக" என்று எழுதினேன். ஒவ்வொரு வருடமும் எழுதினேன். அந்த அறிக்கைகளை வாசித்த சுவிஸ்காரர், உலகத்தில் சண்டையே பிடிக்காத ஒரு சாதிசனம் இருக்கிறது என்றால் அது இதுதான் என்று நினைத்திருப்பார்.

மாஸ்டர் பதவியை விட்டுப் போனதை நீ நேரில் பார்த்தாய், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆறு வருடத்துக்கு முன்பு, மாஸ்டரே தலைவராகத் தொடர்வது என்று தீர்மானம் வாசித்த பொதுக்கூட்டத்தில், அவருடைய தமிழ் வகுப்பிலேயே படித்து, இப்போது தாதியாக இருக்கும் சுபா எழும்பி, "மாஸ்டர், ஆர் எதிர் எண்டும் கேக்க வேணுமெல்லோ?" என்றாள். அவருக்கு நம்பிக்கை. "சரி, ஆர் எதிர்?" என்று அவரே கேட்டார். சுபாவின் கை முதலில் உயர்ந்தது. பிறகு பின்வரிசையில் ஒன்று, சுவரோரம் இரண்டு, அப்படியே மண்டபத்தில் பாதிக்கு மேல். அப்பாவின் கையும் உயர்ந்தது. எண்ணியது நான். என் கை உயரவில்லை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன் என்பது நல்ல சாட்டு. மாஸ்டர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். அவருடைய மனைவி போகவில்லை. கொண்டுவந்த வடையை எல்லாருக்கும் கொடுத்து முடித்துவிட்டு, சட்டியைக் கழுவிக்கொண்டுதான் போனார்.

அதன் பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கடிதக் கோவை எங்கே, மண்டபப் பூட்டின் திறப்பு யாரிடம் என்பதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் நான். அதைவிட, என்னால் ஒருவருக்கும் ஆபத்து வராது என்று நினைத்தார்கள். "அக்கா, நீங்கள் ஒரு வருசத்துக்கு மட்டும் இருங்கோ. சங்க விதிகள் எழுதின யாப்பைத் திருத்தித் தேர்தல் வைக்கும் வரைக்கும்" என்றார்கள். நான் சம்மதித்தேன். வீட்டுக்கு வந்ததும் அப்பா, "சனாதிபதி அம்மா, ஒரு தேத்தண்ணி கிடைக்குமோ?" என்று கேட்டார். சிரித்தோம். நீதான் அன்றைக்குத் தேநீர் போட்டாய்.

முதல் வருடம் நான் நன்றாகவே செய்தேன், இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. நிகழ்ச்சி வரிசையைக் குலுக்கிப் போட்டோம். எவர்சில்வர் பானைக்குள் துண்டுகளைப் போட்டுப் பிள்ளைகளே எடுத்தார்கள். சனம் சந்தோசப்படும் என்று நினைத்தேன். ஒரு மாதத்தில் பன்னிரண்டு முறைப்பாடு வந்தது. சின்னப் பிள்ளைகள் பிந்தி வருகிறார்கள், ஒரே பாட்டுக்கு இரண்டு ஆட்டம் அடுத்தடுத்து வருகிறது என்றெல்லாம். "மாஸ்டர் இருந்திருந்தால் இப்பிடி நடவாது" என்று, அவருக்கு எதிராகக் கை உயர்த்தியவர்களே சொன்னார்கள். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இராது என்பார்கள். கீழ்ப்படிந்து பழகிய கழுத்தும் அப்படித்தான். திரைச்சீலை என்ன நிறம் என்பதற்கும் வீட்டுக்கு வந்தார்கள். "நீங்கள் சொன்னால் சரி அக்கா" என்றார்கள். முதியோர் இல்லத்து வேலையில் நாள் முழுக்க மற்றவர்கள் மணி அடித்தால் ஓடுகிற எனக்கு, நான் சொன்னால் சரி என்று ஒரு கூட்டம் காத்திருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. மண்டபத்துக்குள் நான் வந்தால் கதை குறையும், முதல் விளக்கை நான் ஏற்றவேண்டும், அதுவும் பிடித்திருந்தது. இதைப் பொறுப்பு என்றும் சேவை என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வருடம் முடிந்தபோது ஆண்டு விழா கிட்டியிருந்தது. இப்போது தேர்தல் வைத்தால் குழப்பம், விழா முடியட்டும் என்றேன். கைதட்டினார்கள். அடுத்த வருடம் யாப்பு முழுதாகத் திருத்தப்படவில்லை. திருத்தவேண்டியது நான். குலுக்கலையும் அந்த வருடம் விட்டோம். வசதிக்காக வரிசையை நானே போடத் தொடங்கினேன். செய்தியில் எங்காவது ஒரு நாட்டில் நீண்ட காலம் ஆண்டவர் ஓடிப்போய், இடைக்காலத் தலைவர் என்று ஒருவர் வந்து, நாடு சீரானதும் தேர்தல் என்று சொல்வதைக் காட்டுவார்கள். முன்பென்றால் நான் அவருக்குப் பின்னால் நிற்கிற படைகளைப் பார்ப்பேன். இப்போது அவருடைய முகத்தைத்தான் பார்க்கிறேன். அவர் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றுவதில்லை. அந்த நேரத்தில் அவர் அதை நம்புகிறார். நானும் நம்பினேன். நாடு என்றைக்குச் சீராகும் என்று சொல்கிற வேலையும் அவரிடமே இருப்பதுதான் தொல்லை.

மூன்றாவது வருடப் பொதுக்கூட்டத்தில் நீ எழும்பினாய். உனக்கு இருபத்துநான்கு வயது, மின்சார வேலைப் பயிற்சி முடித்து உழைக்கத் தொடங்கியிருந்தாய். "யாப்பில ஒரு வருசம் எண்டுதான் கிடக்கு. இது மூண்டாவது. தேர்தல் எப்ப?" என்று கேட்டாய். அம்மா என்று நீ சொல்லவில்லை, தலைவி என்றும் சொல்லவில்லை. நான் சொன்னேன், "இருங்கோ தம்பி, பிறகு கதைப்பம்."

வீட்டில் ஒருநாளும் உன்னை நான் பன்மையில் இருங்கோ என்று சொன்னதில்லை. உன் முகம் மாறியதைப் பார்த்தேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். முன்வரிசையில் யாரோ கைதட்டினார், எல்லாரும் தட்டினார்கள். நீ மட்டும் கதிரையில் இருக்காமல் கையை உயர்த்திக்கொண்டு நின்றாய், கைதட்டல் ஓயும் வரைக்கும் நின்றாய். அன்றைய அறிக்கையில் நான் "ஒருமனதாக" என்று எழுதினேன். உன் கையைப் பார்த்துக்கொண்டே எழுதினேன், தம்பி. அடுத்த மாதம் நீ ஃப்ரிபூர்க்குக்குப் போனாய். பிரெஞ்சு படிக்கலாம், நல்ல வேலை என்று சொந்தக்காரருக்குச் சொன்னோம். நல்ல வேலைதான். ஆனால் நீ போனது வேலைக்காக இல்லை என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். உன் அறையைக் கூட்டும்போதெல்லாம் எனக்கு அழுகை வரும். அதற்குப் பிறகும் மூன்று வருடம் கதிரையில் இருந்தேன்.

இந்த வருடம் என்னை எழுப்பியது நீயும் இல்லை, அப்பாவும் இல்லை. மாசி மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் ஒரு பெண் பயத்தம் பணியாரம் செய்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கலியாணம் முடித்து இந்த நாட்டுக்கு வந்து ஒன்பது வருடம், ஒரு மகள் நடனம் பழகுகிறாள். தேநீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. பெட்டியை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள், "அக்கா, போன கூட்டத்தில இவர் உங்களை எதிர்த்துக் கதைச்சது பிழைதான். அவருக்கு வாய் கொஞ்சம் கூட. அதுக்காகப் பிள்ளையை இந்த முறையும் கடைசியில போடாதேங்கோ. போன முறை ஒருத்தரும் பாக்கேல்லை எண்டு அழுதவள்."

"நான் அப்பிடிச் செய்யிற ஆளில்லை பிள்ளை" என்றேன். அவள் தலையாட்டினாள், ஆனால் நம்பவில்லை. அவள் போன பிறகு போன வருட நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பிள்ளை கடைசியில்தான் இருந்தாள். வேண்டுமென்று செய்தேனா என்று எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன். செய்யவில்லை என்று சத்தியம் பண்ண என்னால் முடியாது. மாஸ்டரும் ஒருவேளை வேண்டுமென்று செய்யாமலே பத்தொன்பது வருடம் செய்திருக்கலாம். அவளுடைய பணியாரத்தை நான் தொடவில்லை. அப்பா சாப்பிட்டுவிட்டு, பதம் நல்லது என்றார்.

திங்கட்கிழமை மாஸ்டருக்குத் தொலைபேசி எடுத்தேன். இப்போது வில் நகரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். மனைவிக்கு முழங்கால் வருத்தம், அவர்தான் சமைக்கிறாராம். இந்த ஆறு வருடத்தில் அவரை விழாவுக்கு வரவேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை. மறித்தால் பாவம், கூப்பிட்டால் சனம் கோபிக்கும் என்று சும்மா இருந்தேன். அதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டேன். "அதை விடு பிள்ளை" என்றார். பிறகு, தேர்தல் வைக்கப் போகிறேன், சங்கத்தின் முதல் யாப்பு எங்கே என்று கேட்டேன். "என்னட்டைத்தான் கிடக்கு, அனுப்பி விடுறன்" என்றார். தொலைபேசியை வைக்கப் போனவர் திரும்பவும் சொன்னார், "நானும் முதல் ஒரு வருசத்துக்கெண்டுதான் பிள்ளை வந்தனான்."

யாப்பு வந்து சேர்ந்தது. உண்மைதான். முதல் பக்கத்திலேயே அவருடைய அழகான கையெழுத்தில், தற்காலிகத் தலைவர் என்று இருக்கிறது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். உன்னைக் கேட்டவர்கள் யார் என்று பார். என்னை ஐந்து முறை கைதட்டி நீடிக்க வைத்த அதே ஆட்கள். "தாய் இருந்த இடத்தில பிள்ளை இருக்கட்டும்" என்று என்னிடமும் சொன்னார்கள். நீ கேட்ட கேள்விக்காக அவர்கள் உன்னைக் கூப்பிடவில்லை. நீ என்னுடைய மகன், அதனால் ஒன்றையும் மாற்றவேண்டி வராது என்று கூப்பிடுகிறார்கள். நீ நல்லவன் என்று எனக்குத் தெரியும். ஆனால் நல்லவள் என்று என்னையும்தான் எல்லாரும் சொன்னார்கள். அந்தக் கதிரைக்கு அது ஒரு மருந்தில்லை.

வராதே என்று நான் சொல்லமாட்டேன். முப்பது வயதுக்குக் கிட்ட வந்தவனுக்கு ஓம், இல்லை சொல்வது என் வேலையில்லை. வருவதாக இருந்தால், போகிற திகதியை வருகிற அன்றைக்கே எழுதி வேறொருவர் கையில் கொடு. நிகழ்ச்சித் தாளைத் தொடாதே, குலுக்கலுக்கு ஆயிரம் முறைப்பாடு வந்தாலும் வரட்டும். உன்னிடம் ஒருவர் கேள்வி கேட்டால் பிறகு கதைப்பம் என்று சொல்லலாம், எப்போது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பணியாரம் கொண்டு வருகிறவரைக் கண்டால் பயப்படு. அவர் உனக்குப் பயந்து வருகிறார்.

பொதுக்கூட்டம் இன்னும் மூன்று கிழமையில், ஞாயிறு பின்னேரம். முதலில் மூன்று வருடத்துக்கு முந்திய அறிக்கையை நான் எழும்பி நின்று திருத்துவேன். ஒருமனதாக என்பதை வெட்டி, எதிர் ஒன்று என்று எழுதி, உன் பெயரை வாசிப்பேன். மாஸ்டருக்கும் மனைவிக்கும் அழைப்புப் போகிறது, வருவதும் விடுவதும் அவர்கள் விருப்பம். தலைவர் தெரிவை நான் நடத்தப் போவதில்லை. சுபா நடத்துவாள், கையை எண்ணுவாள், கைதட்டலை எண்ணமாட்டாள். ஆதரவு கேட்ட பிறகு எதிர் கேட்பாள்.

நீ தேர்தலில் நின்றால், எதிர் கேட்கும்போது நான் கை உயர்த்துவேன். உன்னில் எனக்கு நம்பிக்கை இல்லாமல் இல்லை. இந்த மண்டபத்தில் இருபத்தைந்து வருடமாகச் சனம் கை உயர்த்தப் பயந்துபோய் இருக்கிறது, அந்தப் பயத்தில் பாதி நான் தட்டச்சு செய்தது. பெற்ற தாயே எதிர்த்து வாக்குப் போட்டாள் என்று அந்தப் பணியாரக்காரப் பெண்ணும் அவளுடைய புருசனும் பார்க்கவேண்டும். என் பெயரை அறிக்கையில் எழுதச் சொல். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் நடக்காமல் பார்ப்பதுதான் தலைவராக உன்னுடைய முதல் வேலை.

அம்மா